இரண்டு வாளுக்கு ஒயர் போட்டவர்

“இந்த ரெண்டு வாளுக்கும் விளக்கு எரியணும்மா,” என்றார் அம்பலவாணன்.

பர்வீன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எதுக்கு?”

“குத்தினா எரியணும். இப்பல்லாம் அப்படித்தானே?”

“இப்ப அப்படித்தான். இது இப்ப உள்ள வாள் இல்லையே சார்.”

அவள் பட்டறை திருச்சியில் ஒரு மைதானத்தின் காலரிப் படிகளுக்கு அடியில் இருக்கிறது. தனியாகக் கூரை கிடையாது. மேலே ஜனங்கள் உட்காருகிற படிதான் கீழே இவளுக்குக் கூரை. வாசலில் ஆள் உயரம், உள்ளே போகப் போக இடுப்பு உயரம். புதிதாக வருகிறவர்கள் தலையில் இடித்துக்கொள்வார்கள். அவள் யாரையும் எச்சரிப்பதில்லை. ஒரு தடவை இடித்துக்கொண்டவர் மறுதடவை குனிந்துதான் வருவார் என்பது அவள் அனுபவம்.

அம்பலவாணன் இரண்டு தடவை இடித்துக்கொண்டார்.

அவருக்கு வயது அறுபது. அவளுக்கு முப்பத்திரண்டு. குரு என்றால் தாடி வேண்டும், சீடன் என்றால் மீசை முளைத்திருக்கக் கூடாது என்று யார் விதித்தார்களோ தெரியாது. இங்கே குரு சுடிதார் போட்டிருந்தாள். சீடருக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது.

ஃபென்சிங் ஆடுகிற பிள்ளைகளின் வாள்களைப் பழுதுபார்ப்பது பர்வீனின் தொழில். ஆடத் தெரியுமா என்று கேட்டால், “தெரியாது. கெட்டுப்போனா எங்க கெட்டுச்சுன்னு தெரியும்,” என்பாள்.

அவள் இரண்டு வாள்களையும் மேசைமேல் போட்டாள். எப்பே என்கிற வகை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எங்கே குத்தினாலும் புள்ளி. அலகு முழுக்கத் துரு. கையை மறைக்கிற கிண்ணம் கறுத்திருந்தது. முனையில் ஒரு மொட்டு, அவ்வளவுதான். ஒயர் இல்லை, ஸ்பிரிங் இல்லை.

“புதுசு வாங்கிக்கங்க சார். இதைவிட வேலை கம்மி.”

“இதுதான் வேணும்.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

அவள் கைப்பிடிகளைத் தடவிப் பார்த்தாள்.

“ரெண்டும் ரெண்டு விதமாத் தேஞ்சிருக்கு. ஒண்ணு உங்க கை. இன்னொண்ணு யாரு?”

அம்பலவாணன் சுவரைப் பார்த்தார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.

“என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டாள்.

“மின்வாரியத்துல. லைன்மேனா சேர்ந்து போர்மேனா ரிட்டையர் ஆனேன்.”

“ஊருக்கெல்லாம் விளக்கு எரிய வச்சிருக்கீங்க.”

அதைப் பாராட்டாகச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“அப்ப நான் போட்டுத் தர மாட்டேன். நீங்களே போடுங்க. நான் சொல்றேன்,” என்றாள்.

*

முதல் வேலை துரு.

மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொடுத்தாள். அவர் மூன்று நாள் தேய்த்தார். விரல் ரேகையே அழிந்துவிடும்போல் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் அவர் முகம் வீங்கலாகத் தெரிந்தது.

“சுத்தமாயிடுச்சும்மா.”

அவள் அதன் உள்ளே இருந்த திருகாணியில் ஒரு ஒயரைக் கவ்வவிட்டுப் பெட்டியோடு சேர்த்தாள். புள்ளி காட்டுகிற பெட்டி. ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, மறுபக்கம் பச்சை. பிறகு வேறொரு வாளை எடுத்து அதன் முனையால் அந்தக் கிண்ணத்தை அழுத்தினாள்.

சிவப்பு எரிந்தது.

“எரியுதே,” என்றார் சந்தோஷமாக.

“எரியக் கூடாது. கிண்ணத்துல பட்டா புள்ளி இல்லை. இது பொய் விளக்கு.”

“ஏன் எரியுது?”

“துரு.”

“பளபளன்னு இருக்கேம்மா.”

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். உள்பக்கம் பாசி பிடித்த கிணறு மாதிரி இருந்தது.

“உள்பக்கத்தை யாரு பார்க்கப் போறா?” என்றார் அவர்.

அவள் புதிதாக ஓர் உப்புத்தாளை எடுத்து நீட்டினாள்.

*

உள்பக்கத்தைத் தேய்க்கும்போதுதான் அவர் சொன்னார். அவள் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் சொல்வது சிலருக்குச் சுலபம்.

“அது அருளப்பனோட வாளும்மா.”

அவள் ஏதோ ஒரு ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே காலேஜ், ஒரே ரூம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி. மாநிலப் போட்டியில கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும்தான்.”

அந்தக் காலத்தில் இங்கெல்லாம் பெட்டியும் கிடையாது, விளக்கும் கிடையாது. நான்கு மூலையில் நான்கு பேர் நின்று பார்ப்பார்கள். பட்டது என்று அவர்கள் சொன்னால் பட்டது. அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டால், பட்டவனே கையைத் தூக்க வேண்டும். இது வழக்கம். தூக்காதவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் எல்லோரும் தூக்கினார்கள்.

“நாலுக்கு நாலு. அஞ்சு எடுக்கிறவனுக்குத் தங்கம். அவன் குத்தினான். பட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நாலு பேரும் பார்க்கலை.”

“நீங்க?”

“தூக்கலை.”

“அப்புறம்?”

“அடுத்தது நான் குத்தினேன். அதை நாலு பேரும் பார்த்துட்டாங்க.”

தங்கப் பதக்கம் வந்தது. பதக்கத்தைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வந்தது. வேலையைக் காட்டிப் பெண் கொடுத்தார்கள். அருளப்பன் வாளை ஆடிய விரிப்பிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

“மறுநாளே வேற ரூமுக்கு மாறிட்டான். எடுக்க வருவான்னு நான் எடுத்து வச்சேன்.”

“வரலையா?”

“நான்தான் கொண்டுபோய்க் குடுத்திருக்கணும்.”

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவர் மனைவி இரண்டு வாளுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவாள். பதக்கத்துக்கும் ஒரு பொட்டு உண்டு. இரண்டாவது வாள் யாருடையது என்று ஒரு வருடம் கேட்டாள். நண்பனுடையது என்றார். நல்ல நண்பர்போல, வாளையே கொடுத்திருக்கிறாரே என்றாள். அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அவள் இல்லாததைவிட அது அவரை அதிகம் வாட்டியது.

“அவன் வாளை அவன் கையில குடுக்கணும்மா. அவன் குத்தணும். விளக்கு எரியணும். யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதபடி எரியணும். அந்தப் புள்ளி அவனுக்குப் போய்ச் சேரணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பர்வீன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் பல ரகம் உண்டு. இது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க அவருக்கு இன்னும் பழக்கம் போதவில்லை.

“உள்பக்கம் ஆச்சா?” என்றாள்.

*

முனையின் மொட்டை அவளே அறுத்து, மரை வெட்டிக் கொடுத்தாள். அடுத்தது ஒயர்.

அலகின் முதுகில் நீளவாக்கில் ஒரு காடி ஓடுகிறது. அந்தக் காடிக்குள் தலைமுடி கனத்தில் இரண்டு ஒயர்களை முனையிலிருந்து கிண்ணம்வரை கொண்டுவந்து பசைபோட்டு ஒட்ட வேண்டும்.

“இதை எனக்குச் சொல்லித் தர வேணாம்மா. முப்பத்தாறு வருஷம் ஒயரோட குடும்பம் நடத்தினவன் நான்,” என்றார்.

அவள் தலையாட்டினாள்.

லைன்மேனுக்குத் தெரிந்த முதல் பாடம், ஒயரை விறைப்பாக இழுக்காதே என்பது. வெயிலுக்கு நீளும், பனிக்குச் சுருங்கும். கம்பத்துக்குக் கம்பம் தொய்வு விட்டுத்தான் கட்ட வேண்டும். அம்பலவாணன் காடிக்குள் அழகாகத் தொய்வு விட்டு ஒட்டினார்.

காய்ந்ததும் பர்வீன் இன்னொரு வாளை எடுத்து அதன்மேல் வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். காடிக்கு மேலே எழும்பி நின்ற இடத்திலெல்லாம் ஒயர் அறுந்தது.

“ஆட்டத்துல வாளும் வாளும் உரசும் சார்.”

அவர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். இரண்டாம் தடவை விறைப்பாக இழுத்து, காடியின் அடியோடு அடியாக ஒட்டினார். விரல் வைத்துத் தடவினால் ஒயர் இருப்பதே தெரியவில்லை.

அவள் முனையைத் தரையில் ஊன்றி வாளை வளைத்தாள்.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

“போச்சு,” என்றாள்.

அம்பலவாணன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வயதான காலத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் தினமும் தோற்பது லேசான காரியமில்லை.

“தொய்வு விட்டாலும் போகுது. இழுத்துக் கட்டினாலும் போகுது. நான் என்னதான் பண்றது?”

அவள் சணல் கயிறு ஒன்றை எடுத்தாள். முனையில் ஒரு முடிச்சு, கைப்பிடி முளையில் ஒரு முடிச்சு. கயிற்றை இறுக்க இறுக்க வாள் வில்லாக வளைந்தது. காடி வில்லின் வெளிப்பக்கத்தில் இருந்தது. மேசை இடுக்கியில் அதை அப்படியே பொருத்தினாள்.

“இப்ப ஒட்டுங்க.”

“வளைஞ்சிருக்கும்போதா?”

“குத்து விழும்போது அது நேராவா இருக்கும்?”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். வளைவின்மேல் ஒயர் தானாகவே காடிக்குள் அமிழ்ந்தது. விரலால் அழுத்தக்கூடத் தேவைப்படவில்லை. ஒரு சாண் ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

பசை காயும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது. காய மறுநாள் ஆகும். போகலாம் என்று அவள் சொல்லியும் அவர் போகவில்லை. வீட்டில் போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை. சுவரும் மின்விசிறியும்தான்.

“நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்,” என்றார்.

அவள் டிபன் பெட்டியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒரு சப்பாத்தியை எடுத்து மூடியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு சட்டை மாத்துற இடத்துக்கு அவன் வந்தான். ரூம்ல நானும் அவனும் மட்டும்தான். கோவமா வரலை. சும்மா வந்து உட்கார்ந்து கேட்டான். ‘உண்மையைச் சொல்லுடா. பட்டுச்சா இல்லையா?’ன்னு.”

“நீங்க?”

“இல்லைன்னேன்.”

அவள் மெல்வதை நிறுத்தவில்லை.

“சும்மா இருந்தது ஒரு விஷயம்மா. கண்ணைப் பார்த்து இல்லைன்னு சொன்னது... அவன் பட்டுச்சு பட்டுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்த்தான். தோத்ததுக்குச் சாக்குச் சொல்றான்னு கோச் திட்டினார். ஹாஸ்டல் பசங்க அவனுக்கு ‘பட்டுச்சு’ன்னே பேர் வச்சுட்டாங்க. அவன் கல்யாணத்துலகூட எவனோ அப்படிக் கூப்பிட்டானாம். நான் கல்யாணத்துக்குப் போகலை. கேள்விப்பட்டேன்.”

சப்பாத்தி மூடியிலேயே ஆறியது.

“நான் பண்ணினது பெரிய தப்புதானேம்மா?”

பர்வீன் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இடுக்கியில் இருந்த கயிற்றைச் சுண்டிப் பார்த்தாள்.

“இன்னும் காயலை,” என்றாள்.

*

முனையைப் பொருத்திய அன்று அவள் ஓர் எடைக்கல்லைக் கொண்டுவந்தாள். முக்கால் கிலோ. வாளைத் தலைகீழாக, முனை மேலே பார்க்க நிறுத்தி, முனையின்மேல் அந்தக் கல்லை வைத்தாள்.

விளக்கு எரிந்தது. அணையவில்லை.

“தோத்துடுச்சு,” என்றாள்.

“எரியுதேம்மா?”

“கல்லை வச்சு அழுத்தினா எரியட்டும். அழுத்தறதை விட்டா, முனை அந்தக் கல்லைத் தூக்கிட்டு மேலே வரணும். அணையணும். இது கல்லுக்கு அடியிலயே படுத்துக்கிடக்கு. ஸ்பிரிங் சோம்பேறி.”

“மெதுவாத் தொட்டாலும் எரியட்டுமே. நல்லதுதானே?”

“மெதுவாத் தொட்டா தொட்டதாகாது சார். முக்கால் கிலோ வேணும்.”

அவர் ஸ்பிரிங்கை மாற்றினார். ஏழு ஸ்பிரிங் மாற்றினார். எட்டாவது ஸ்பிரிங் கல்லைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. விளக்கு அணைந்தது. விரலால் அழுத்தினால் எரிந்தது. விட்டால் அணைந்தது.

அம்பலவாணன் அதையே இருபது முப்பது தடவை செய்தார்.

அன்று அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு. படிகளுக்கு வெளியே வந்து போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். கேஸ்காரர் இருந்தார். பென்ஷனர் சங்கச் செயலாளர் இருந்தார். ஓசூரில் மகள், அவளுக்கு ஆபீஸ் நேரம். இறந்துபோன இருவரின் எண்களும் அழிக்காமல் இருந்தன. பட்டியல் முடிந்துவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் இவ்வளவு தனியாக எப்படி ஆனோம் என்று நினைத்தார். யோசிக்க ஒன்றுமில்லை. யாரிடம் நெருங்கினாலும் அந்த ஒரு விஷயத்துக்கு ஓர் அடி முன்னாலேயே நின்று பழகிவிட்டார்.

பர்வீன் வெளியே வந்து பக்கத்தில் நின்றாள்.

“அவர் நம்பர் இருக்கா?”

“பத்து வருஷமா இருக்கு. புள்ளம்பாடியில மாவு மில் வச்சிருக்கான். பஸ்ல போகும்போது போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டேன்.”

“போடுங்க.”

மணி அடித்தது. எடுத்த பிறகும் மில் சத்தம்தான் முதலில் கேட்டது.

“யாரு?”

“நான்தான். அம்பலவாணன்.”

மில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ நிறுத்தினார்கள்.

“சொல்லு.”

“வாள் ரெடியா இருக்கு. விளக்கு எரியுது. ஒரு தடவை ஆடலாமா?”

“எந்த வாளு?”

“உன்னோடது.”

“எப்ப?” என்றது குரல்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளரங்கத்தில் மூன்றே பேர். இருநூறு நாற்காலிகள் காலியாக இருந்தன.

அருளப்பன் கனத்துப் போயிருந்தார். காது மடலில் மாவு ஒட்டியிருந்தது. “எப்படி இருக்க?” என்றார். “இருக்கேன்,” என்றார் அம்பலவாணன். இரண்டு பேரும் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை.

வாளை வாங்கியதும் அருளப்பன் கைப்பிடியைத்தான் பார்த்தார். கட்டைவிரல் தேய்ந்த பள்ளத்தில் போய்த் தானாக உட்கார்ந்தது. அவர் முகத்தில் ஏதோ வந்தது. முகமூடி போட்டு மறைத்துக்கொண்டார்.

சட்டைக் கைக்குள் ஒயரை விட்டு, ஒரு நுனியை வாளிலும் மறு நுனியைப் பெட்டியிலிருந்து வந்து முதுகுப் பக்கம் தொங்கும் கம்பியிலும் பர்வீன் மாட்டிவிட்டாள். பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

“ஆடலாம்,” என்றாள்.

அம்பலவாணன் ஒரு முடிவோடு வந்திருந்தார். குத்தவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். ஆனால் தடுப்பதுபோல் தெரிய வேண்டும். தோற்பதற்கும் கொஞ்சம் நடிப்பு வேண்டியிருக்கிறது.

அருளப்பன் குத்தினார். சிவப்பு எரிந்தது.

ஒன்று.

தோளில் ஒன்று, தொடையில் ஒன்று, மறுபடி தோளில். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒயர் அறுந்துபோகவில்லை, ஸ்பிரிங் சோம்பவில்லை, கிண்ணம் பொய் சொல்லவில்லை. அம்பலவாணன் செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது முழங்கையில். அதற்கும் எரிந்தது.

அஞ்சுக்கு சைபர்.

அருளப்பன் முகமூடியைக் கழற்றினார். மூச்சு வாங்கியது. கையுறை இல்லாத கையை நீட்டினார். குலுக்கிக்கொண்டார்கள்.

“ஒயரை நல்லா போட்டிருக்க.”

“ம்.”

“ஏன்டா கையை இறக்கியே வச்சிருந்த?”

கேள்வி நேராக வந்து நின்றது. முப்பத்தெட்டு வருடம் கழித்து, அதே ஆள், அதே கண். ரூமுக்குப் பதிலாக ஒரு பெரிய காலி அரங்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

“வயசாயிடுச்சு,” என்றார் அம்பலவாணன்.

அருளப்பன் தன் வாளிலிருந்து ஒயரைக் கழற்றினார்.

“எனக்கும்தான் ஆயிடுச்சு,” என்றார்.

வாளைப் பெட்டி இருந்த மேசைமேல் வைத்தார். “இது இங்கயே இருக்கட்டும்மா. நான் வச்சு என்ன பண்ணப் போறேன்,” என்று பர்வீனிடம் சொன்னார். சட்டையை மாற்றிக்கொண்டார். பதினொன்றேகாலுக்குப் பஸ் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டார்.

*

அம்பலவாணன் விரிப்பின் நடுவிலேயே நின்றார்.

“எரிஞ்சுதேம்மா,” என்றார். “அஞ்சு தடவை எரிஞ்சுதே. நீங்களும் பார்த்தீங்களே. ஒரு புள்ளிக்கு அஞ்சு புள்ளியாக் குடுத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமப் போறான் பாருங்க.”

பர்வீன் அருளப்பனின் வாளை எடுத்தாள். அதைத் திரும்பப் பெட்டியோடு மாட்டினாள்.

நேராகச் சுவருக்குப் போய், சுவரில் குத்தினாள். சிவப்பு எரிந்தது.

ஒரு நாற்காலியின் முதுகில் குத்தினாள். எரிந்தது.

சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்தில் குத்தினாள். அதற்கும் எரிந்தது.

தன் செருப்பைக் கழற்றிப் போட்டு, குனிந்து, அதில் ஒரு குத்து. எரிந்தது.

கடைசியாக டிபன் பெட்டி. அழுத்தியதும் மேசையில் ஒரு அங்குலம் நகர்ந்தது. விளக்கு சிவப்பாக எரிந்தது.

விளக்குப் பெட்டியை அணைத்துவிட்டு அவள் ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அம்பலவாணன் டிபன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பஸ் எத்தனை மணிக்குன்னார்?” என்றாள் அவள், ஒயரைச் சுற்றிக்கொண்டே.

“பதினொண்ணேகால்.”

“இப்ப பதினொண்ணு பத்து.”

அவர் ஓடினார். அறுபது வயதில் ஓட்டம் என்று எதைச் சொல்லலாமோ அப்படி ஓடினார். வெள்ளை ஆட்டச் சட்டை உடம்பிலேயே இருந்தது. சட்டைக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒயர் வால் மாதிரி தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். டீக்கடையில் ஒருவர் கிளாஸை வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்தபடி பார்த்தார். அம்பலவாணனுக்கு அதெல்லாம் தெரியவில்லை. பஸ் போயிருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் தெரிந்தது.

எதிர்ப்பக்க நிறுத்தத்தில் அருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை.

“அருளப்பா.”

திரும்பிப் பார்த்தார்.

“அன்னைக்குப் பட்டுச்சு.”

ஒரு பஸ் வந்து நின்றது. புள்ளம்பாடி பஸ் இல்லை. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அது கிளம்பிப் போயிற்று.

“என்ன சொன்ன?”

“பட்டுச்சு. அப்பவே எனக்குத் தெரியும். நீ கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன். இப்ப நீ கேட்டதுக்கும் பொய்தான் சொன்னேன்.”

நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அருளப்பன் துணிப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். கிட்டே வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் அம்பலவாணன் நினைத்தார். அடித்தால் நகரக் கூடாது என்று காலை ஊன்றிக்கொண்டார்.

“எங்க?” என்றார் அருளப்பன்.

“என்ன எங்க?”

“எங்க பட்டுச்சு? காட்டு.”

அம்பலவாணன் வலது கையை உயர்த்தினார். இடது கை விரலால் கக்கத்துக்குக் கீழே விலாவைத் தொட்டார். நான்கு பேரும் நின்ற இடத்திலிருந்து கை மறைத்துவிட்ட இடம். ஒரு வாரம் கன்றிப்போய், சட்டை பட்டாலே வலித்துக்கொண்டிருந்த இடம்.

“இங்க.”

புள்ளம்பாடி பஸ் வந்து நின்றது. அருளப்பன் பஸ்ஸைப் பார்க்கவில்லை. நண்பரின் விரலைப் பிடித்து, விலாவின்மேல் இரண்டு விரற்கடை கீழே இறக்கி வைத்தார்.

“இங்க,” என்றார்.